ஆறு பெருக்கும் காடு

உதிர்ந்த இலையைப் பற்றி நமக்கெல்லாம் ஒரே அபிப்பிராயம்தான். அது குப்பை! வேப்ப மரமோ மாமரமோ உள்ள வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து காப்பிக்குத் தண்ணீர் வைப்பதற்குள், கோலத்தின் மேல் பத்துச் சருகு வந்து உட்கார்ந்திருக்கும். மாசி, பங்குனி மாதங்களில் கேட்கவே வேண்டாம். மரத்தைத் திட்டுவதா, காற்றைத் திட்டுவதா என்றே தெரியாது.

ஒரே ஒரு மரத்துக்கு இந்தப் பாடு. கோடிக்கணக்கான மரங்கள் நிற்கும் ஒரு காட்டில் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உஷ்ணப் பிரதேசத்துக் காடுகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 2 முதல் 4 டன் வரை இலையும் குச்சியும் பூவும் காயும் உதிர்கின்றனவாம். அவற்றையெல்லாம் யார் பெருக்குகிறார்கள்? பெருக்கி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்?

தென் அமெரிக்காவில் அமேஸான் நதிக் கரையில் சில காடுகள் இருக்கின்றன. அங்கே இந்த வேலையைச் செய்வது ஆறு. வருஷத்துக்கு ஒரு தடவை, சொல்லி வைத்தாற்போல் வந்து, மாதக் கணக்கில் தங்கி, வேலையை முடித்துவிட்டுப் போகிறது. அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், சருகைக் குப்பை என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது. வாருங்கள், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

சுவரில் எழுதிய கணக்கு

நாம் முதலில் இறங்க வேண்டிய ஊர் மனாவுஸ். பிரேஸில் தேசத்தில், கடலிலிருந்து ஆற்று வழியாகச் சுமார் 1,500 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. நடுக் காட்டில் ஒரு குக்கிராமம் என்று நினைத்துவிடாதீர்கள். இருபது லட்சம் ஜனங்களுக்கு மேல் வாழும் பெரிய நகரம். கடலில் போகும் பெரிய கப்பல்கள் இதுவரை வருகின்றன. ரப்பர் வியாபாரம் கொழித்த காலத்தில், 1896-ல் திறந்த ஓர் அழகான நாடக சாலை இன்றும் அங்கே நிற்கிறது.

நாம் பார்க்க வந்தது நாடக சாலையை அல்ல, துறைமுகத்தை. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆங்கிலேயர்கள் கட்டிய துறை அது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கப்பல் வந்து நிற்கும் மேடை தரையில் நிற்கவில்லை, தண்ணீரில் மிதக்கிறது! ஏன் தெரியுமா? அங்கே ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை சராசரி 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. பத்து மீட்டர் என்றால் முப்பது அடிக்கு மேல். மூன்று மாடி வீட்டின் உயரம்! மேடையைத் தரையில் கட்டியிருந்தால், பாதி வருஷம் அது தண்ணீருக்குள் இருக்கும். மீதிப் பாதி வருஷம் கப்பல் அதற்கு வெகு கீழே நிற்கும்.

துறைமுகத்தில் ஆற்றின் உயரத்தை 1902-ஆம் வருஷத்திலிருந்து அளந்து குறித்து வருகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் வெள்ளம் எதுவரை வந்தது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் குழந்தைகளை நிறுத்தி வைத்து உயரத்தைக் கோடு போடுவோமே, அந்த மாதிரி. பொதுவாக ஜூன் மாதத்தில் வெள்ளம் உச்சிக்கு வரும். அக்டோபர், நவம்பரில் அடிமட்டத்துக்கு இறங்கும். நூறு வருஷத்துக்கு மேலாக இதுதான் பழக்கம்.

இப்படி ஏறும் தண்ணீர் நகரத்தை மட்டும் தொடுவதில்லை. இரண்டு கரையிலும் தாழ்ந்து கிடக்கும் காட்டுக்குள் புகுந்து, மைல் கணக்கில் பரவுகிறது. அந்தக் காட்டுக்குத்தான் நாம் போகப் போகிறோம்.

கறுப்பு ஆறும் வெள்ளை ஆறும்

மனாவுஸ் நகரத்தின் காலடியில் ஓடும் ஆற்றுக்கு ரியோ நெக்ரோ என்று பெயர். போர்த்துகீசிய மொழியில் 'கறுப்பாறு' என்று அர்த்தம். பெயருக்கு ஏற்ற நிறம்தான். ஆனால் அது அழுக்குக் கறுப்பு அல்ல. ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், பால் விடாத டீயைப் போல் தெளிவாக இருக்கும்.

டீயைப் போல் என்ன, டீயேதான்! கொதிக்கிற தண்ணீரில் தேயிலையைப் போட்டு மூடி வைத்தால் சாயம் இறங்குகிறது அல்லவா? அதே காரியம்தான் இங்கே ஒரு தேசத்தின் அளவுக்கு நடக்கிறது. காட்டில் உதிர்ந்த இலைகளிலிருந்தும், அவை மக்கிய மண்ணிலிருந்தும் இறங்கிய சாயம்தான் இந்த நிறம். துவர்ப்பும் புளிப்பும் உள்ள தண்ணீர். உப்புச் சத்துக்கள் மிகவும் குறைவு. கொசு முட்டையிட்டுப் பெருகுவதற்கு இது ஏற்ற இடம் அல்ல. 1800-ஆம் வருஷம் இந்தப் பக்கம் வந்த ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர், கறுப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் கொசுத் தொல்லை இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். கொசுக்கடியில் உழன்றவர்களுக்குத்தானே அந்த சந்தோஷம் புரியும்!

நகரத்துக்குச் சற்றுக் கீழே இந்தக் கறுப்பாறு, சொலிமோயிஸ் என்ற இன்னொரு பேராற்றோடு சேருகிறது. அது ஆண்டிஸ் மலைகளிலிருந்து வண்டல் மண்ணைச் சுமந்துகொண்டு வருவதால், பால் அதிகமாக விட்ட காப்பியின் நிறம். இரண்டும் சேர்ந்தவுடன் கலந்துவிடுவதில்லை. ஒன்று வேகமும் குளிர்ச்சியும் உள்ளது. மற்றொன்று நிதானமும் வெதுவெதுப்பும் உள்ளது. புதிதாகக் குடித்தனம் வைத்தவர்களைப் போல், ஆறேழு கிலோமீட்டர் தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டாமல் ஓடிவிட்டு, அப்புறம்தான் ஒன்றாகின்றன.

அங்கே உள்ளவர்கள் கறுப்புத் தண்ணீர் புகும் காட்டை 'இகபோ' என்றும், வண்டல் தண்ணீர் புகும் காட்டை 'வார்ஸியா' என்றும் அழைக்கிறார்கள். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரே அமேஸானில், ஒரே வெள்ளத்தில், ஒரே மாதிரி உதிரும் இலைக்கு இந்த இரண்டு காட்டிலும் இரண்டு விதமான தலையெழுத்து.

மரத்தின் உச்சியில் ஒரு படகு

ஜூன் மாதம் என்று வைத்துக் கொள்வோம். ஒரு சிறு படகில் ஏறி இகபோ காட்டுக்குள் நுழைகிறோம். துடுப்புப் போடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. தண்ணீர் கண்ணாடி போல் அசையாமல் கிடக்கிறது. தலைக்கு மேலே மரம். அதே மரம் தலைகீழாகக் கீழேயும் தெரிகிறது. உங்கள் தோளை ஒரு கிளை உரசுகிறது. போன அக்டோபரில் அந்தக் கிளையைப் பார்ப்பதற்கு நீங்கள் அண்ணாந்திருக்க வேண்டும்! இப்போது நீங்கள் மிதந்துகொண்டிருப்பது, அப்போது காக்கை உட்காரும் உயரத்தில்.

சின்ன மரங்கள் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அழுகிப் போகாதா என்று கேட்கிறீர்களா? இல்லை. தாழ்ந்த இடங்களில் உள்ள மரங்கள் வருஷத்தில் ஏழெட்டு மாதம்கூடத் தண்ணீரில் நிற்கப் பழகியவை. சில வகைகள் பச்சை இலையுடனேயே மாதக் கணக்கில் முழுகியிருந்து, தண்ணீர் இறங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல் வெயில் காய்கின்றன.

வேறு பல மரங்கள் இந்தச் சமயத்தில்தான் இலையை உதிர்க்கின்றன. வேர் தண்ணீரில் மூழ்கினால் அதற்குச் சுவாசிக்கக் காற்று இல்லை. ஆகையால் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, செலவையும் குறைத்துக் கொள்கின்றன. குளிர் தேசத்து மரங்கள் பனிக் காலத்தில் தூங்குவதைப் போல், இவை வெள்ளக் காலத்தில் தூங்குகின்றன. அதனால் அடிமரத்தில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழுகிறது. அந்த வளையங்களை எண்ணி, சில மரங்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் வயது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மரம் தூங்கலாம், தரையில் சருகுக்குள் குடியிருக்கும் ஜீவராசிகள் என்ன செய்யும்? அவை மூட்டை கட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகின்றன! தண்ணீர் ஏற ஆரம்பித்தவுடன் எறும்பும் சிலந்தியும் பூரானும் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. மண்புழுவில்கூட ஒரு வகை மரம் ஏறுகிறது. மரவட்டையில் ஒரு சிறு வகை மட்டும் வீட்டைக் காலி செய்வதில்லை. அதன் குஞ்சுகள் தண்ணீருக்கு அடியிலேயே, மரப் பட்டைக்குள் பதுங்கி மாதக் கணக்கில் உயிரோடு இருக்கின்றன. நெருப்பு எறும்புகள் செய்வது இன்னும் சாமர்த்தியம். ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, ஒரு தெப்பம் போலாகி, நடுவில் ராணியையும் குஞ்சுகளையும் வைத்துக்கொண்டு மிதந்து போய்விடுகின்றன.

தண்ணீருக்குள் ஒரு சமையலறை

இப்போது தண்ணீரில் விழும் ஓர் இலையைப் பின்தொடர்ந்து போவோம்.

விழுந்த முதல் சில நாட்களில் அதிலிருந்து சாயம் இறங்குகிறது. பொட்டாசியம் போன்ற கரையும் சத்துக்களும் சீக்கிரமே தண்ணீரில் இறங்கிவிடுகின்றன. இலை கனத்து, மெதுவாக அடியில் போய்ப் படிகிறது. அங்கே காளான் இனத்தைச் சேர்ந்த நூல் போன்ற பூசணம் அதன் மேல் படர்கிறது. அந்தப் பூசணம்தான் இலையை மற்றவர்கள் சாப்பிடும்படி பக்குவம் செய்கிற சமையற்காரர். பச்சை இட்லி மாவை யாராவது சாப்பிடுவார்களா? வெந்த பிறகுதானே இட்லி! அதுபோல் பூசணம் பிடித்த பிறகுதான் சருகு உணவாகிறது. அதைச் சிறு புழுக்கள் தின்கின்றன. புழுக்களைச் சிற்றிறாலும் சிறு மீனும் தின்கின்றன. அவற்றைப் பெரிய மீன்கள் தின்கின்றன. கறுப்புத் தண்ணீரில் பாசி வளர்வதற்குச் சத்தும் போதாது, வெளிச்சமும் போதாது. ஆகையால் ஓடைகளின் ஓரங்களில் குவிந்து கிடக்கும் சருகுத் திட்டுகளே அங்கே பெரிய அன்னசத்திரம்.

அந்தச் சத்திரத்துக்கு வரும் விருந்தாளிகளில் இரண்டு பேரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

ஒன்று, இலைமீன். மூன்று விரற்கடை நீளம். சருகின் நிறம், சருகின் வடிவம், இலைக்குக் காம்பு இருப்பதுபோல் தாடையில் ஒரு நீட்டம். தலையைக் கீழே சாய்த்துக்கொண்டு, விழுந்த இலை ஒன்று நீரோட்டத்தில் மிதந்து வருவதைப்போல் வரும். சிறிய மீன் ஏமாந்து கிட்டே போனால், 'லபக்'கென்று ஒரே வாய்! மாறுவேஷம் போடுபவர்கள் இதனிடம் பாடம் கேட்கலாம்.

மற்றொன்றை உங்களில் சிலர் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்; சிலர் வீட்டு வரவேற்பறையிலேயே இருக்கலாம். கண்ணாடித் தொட்டியில் நீலக் கோடும் சிவப்பு வயிறுமாக மின்னிக்கொண்டு கூட்டமாக நீந்துமே, கார்டினல் டெட்ரா, அதன் பூர்வீகம் ரியோ நெக்ரோவும் அதன் பக்கத்து ஆறுகளும்தான். மனாவுஸிலிருந்து ஆற்றில் மேலே போனால் வரும் பார்செலோஸ் என்ற ஊர்க்காரர்கள், இந்தக் குஞ்சு மீன்களைச் சிறு வலைகளால் பிடித்து உலகமெங்கும் அனுப்பிப் பல வருஷங்கள் ஜீவனம் செய்தார்கள். மீன் வளர்ப்பில் தேர்ந்தவர்கள் தொட்டியில் காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைப் போட்டு வைப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீரில் சிறிது சாயம் இறங்கினால் இம்மாதிரி மீன்களுக்குப் பிறந்த வீட்டு ஞாபகம்!

மனுஷர்களுக்கும் இங்கே பந்தி உண்டு. மனாவுஸ் ஜனங்கள் ஆசையோடு சாப்பிடும் மீன் ஜராகி. மூழ்கிய மரத்திலும் சருகிலும் படிந்திருக்கும் மக்கலையும் பாசியையும் உதட்டால் சுரண்டித் தின்று வளர்வது இது. ஜராகி சாப்பிட்டவர்கள் அப்புறம் ஊரை விட்டுப் போகமாட்டார்கள் என்று அங்கே ஒரு வசனமே உண்டு. தம்பாகி என்பது முப்பது கிலோ வரை வளரக்கூடிய ராட்சச மீன். வெள்ளக் காலத்தில் காட்டுக்குள் நீந்தி வந்து, மரத்திலிருந்து விழும் பழத்தையும் கொட்டையையும் தின்கிறது. ரப்பர் மரத்தின் காய் வெயிலில் 'டப்'பென்று வெடித்து விதை தண்ணீரில் விழும். தம்பாகி அங்கே காத்திருந்து, கடைவாய்ப் பல்லால் அதை நெறித்துத் தின்னும்.

ரப்பர் என்றதும் நம்மவர்களுடைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1876-ல் விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேஸானிலிருந்து ஆயிரக் கணக்கான ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அந்த மரங்களில் பால் வெட்டுவதற்காகத்தான் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கப்பல் ஏறின. மீனுக்குத் தீனியாகிய ஒரு விதை எத்தனை பேருடைய வாழ்க்கையை எங்கெங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது, பாருங்கள்!

தண்ணீர் வடிந்த பிறகு

அக்டோபரில் அதே இடத்துக்குத் திரும்பி வந்தால், உங்களுக்கு அடையாளமே தெரியாது. படகில் மிதந்த இடத்தில் இப்போது காலால் நடக்கிறோம். மரங்களின் உடம்பில், உங்கள் தலைக்கு வெகு மேலே, வெள்ளம் நின்ற அடையாளம் கோடாகத் தெரிகிறது. காலடியில் மெத்தை போட்டதுபோல் சருகு. ஆறு மூழ்கடித்து வைத்திருந்த இலைகள் முழுவதும் மக்கவில்லை. அடித் தண்ணீரில் பிராணவாயு குறைவாக இருந்ததால், மக்கும் வேலை மந்தமாக நடந்தது. இப்போது மாடியில் குடியிருந்த பூச்சிகளெல்லாம் இறங்கி வந்து பாக்கி வேலையை எடுத்துக்கொள்கின்றன.

சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். கீழே மண் தெரியாது, வேர்தான் தெரியும். தலைமயிர் போல் மெல்லிய வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, பாய் போல் பரவியிருக்கின்றன. சில வேர்கள் சருகுக்குள்ளேயே புகுந்திருக்கின்றன. அடியில் இருப்பது பெரும்பாலும் சத்தில்லாத மணலும் களியும். அதில் சத்தை விட்டுவிட்டால் அடுத்த மழையில் கரைந்து போய்விடும். ஆகையால் இலை மக்கும்போதே, மண்ணுக்குப் போக விடாமல் வேர் வாங்கி வைத்துக்கொள்கிறது.

முதல் தேதி சம்பளம் குறைவாக வரும் வீட்டில் குடும்பம் நடத்துகிற பெண்மணிக்கு இந்தச் சாமர்த்தியம் புரியும். பழைய புடைவை பாவாடையாகும், பாவாடை தலையணை உறையாகும், உறை கரித்துணியாகும். எதுவும் வெளியே போகாது. இகபோ காட்டின் குடித்தனமும் இதுதான். ஏழைக் காடு, ஆனால் ஒரு பைசா வீண் போகாத காடு. அந்த வீட்டுப் பணப்பெட்டி தரையில் கிடக்கும் சருகு.

வண்டல் காடான வார்ஸியா பணக்கார வீடு. ஆண்டிஸ் மலையிலிருந்து புது மண் வருஷா வருஷம் வாசலில் வந்து இறங்குகிறது. அங்கே இலைகள் மென்மையானவை, சீக்கிரம் மக்கிவிடுகின்றன, மிச்சத்தை வண்டல் மூடிவிடுகிறது. சருகு மெத்தை அங்கே அதிகம் தங்குவதில்லை. தங்க வேண்டிய அவசியமும் இல்லை. தண்ணீர் வடிய வடிய, கரையில் உள்ள குடியானவர்கள் மரவள்ளி, மக்காச்சோளம், பயறு எல்லாம் பயிரிட்டு, அடுத்த வெள்ளத்துக்குள் அறுவடை செய்துவிடுகிறார்கள்.

இந்தக் கரைகளில் வாழும் பெண்களின் கெட்டிக்காரத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடுகள் உயரமான மரக் கால்களின் மேல் நிற்கின்றன. வெள்ளம் தரைப் பலகையைத் தொட்டால், வீட்டுக்குள்ளேயே இன்னொரு பலகைத் தளத்தை மேலே உயர்த்திப் போட்டுக்கொள்வார்கள். சரி, குழம்புக்கு வெங்காயத் தாளும் கொத்துமல்லியும் வேண்டுமே, எங்கே போவது? ஓட்டை விழுந்த பழைய படகு ஒன்றை நாலு கால்களின் மேல் தூக்கி வைத்து, அதில் மண்ணையும் மக்கிய மரத்தூளையும் சருகு உரத்தையும் நிரப்பி, அதுதான் தோட்டம்! கீழே ஆறு ஓடும். மேலே கொத்துமல்லி தளிர்க்கும்.

வேளை தவறினால்

இத்தனைக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்று: வெள்ளம் வேளை தவறாமல் வர வேண்டும், வேளை தவறாமல் போகவும் வேண்டும். வோல்ஃப்காங் யுங்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1989-ல் இதற்கு 'வெள்ளத் துடிப்பு' என்று பொருள்படும் பெயர் கொடுத்தார்கள். நாடித் துடிப்பைப் போல, ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்ததுதான் உயிர் என்பது கருத்து. நாடி ஒரே நிலையில் நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மனாவுஸுக்கு வடகிழக்கே உவாத்துமா என்ற ஆறு ஓடுகிறது. நகரத்துக்கு மின்சாரம் கொடுப்பதற்காக அதன் குறுக்கே பல்பினா என்ற அணையைக் கட்டி, 1987-ல் ஆற்றைத் தடுத்தார்கள். 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த வைமிரி அத்ரோவாரி மக்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை இழந்தார்கள். கிடைத்ததோ 250 மெகாவாட் மின்சார சக்தி.

அணைக்கு மேலே மூழ்கிய காடு எல்லோருடைய கண்ணிலும் பட்டது. அணைக்குக் கீழே நடந்ததைக் கண்டுகொள்ள வெகு காலமாயிற்று. யந்திரம் ஓடுவதற்காக வருஷம் பூராவும் தண்ணீர் விட வேண்டியிருந்ததால், கோடையில் வடிய வேண்டிய தண்ணீர் வடியவில்லை. தாழ்ந்த இடத்து மரங்களுக்கு வேர் சுவாசிக்கும் மாதங்கள் இல்லாமல் போயின. ஏழெட்டு மாதம் தாங்கிய மரம் பன்னிரண்டு மாதம் தாங்கவில்லை. கரை ஓரமாகக் கிலோமீட்டர் கணக்கில் மரங்கள் பட்டுப்போய் நின்றன. பல தலைமுறை வெள்ளங்களைக் கண்ட மரங்கள், வடியாத ஒரு வெள்ளத்தில் மடிந்தன.

இது தண்ணீர் போகாததால் வந்த கஷ்டம். தண்ணீர் வராவிட்டால்?

2015-16-ல் எல் நினோ என்ற கடல் உஷ்ணத்தால் கடுமையான வறட்சி ஏற்பட்டது. ரியோ நெக்ரோ கரையில் பல இடங்களில் இகபோ காடுகள் தீப்பிடித்தன. தண்ணீரில் நிற்கும் காட்டில் தீயா என்று ஆச்சரியப்படாதீர்கள். முன்னே பார்த்தோமே சருகு மெத்தை, அதற்கடியில் வேர்ப் பாய், அந்த இரண்டும் சுக்காகக் காய்ந்தால் எரிவதற்கு வேறு என்ன வேண்டும்? நெருப்பு உயர எழும்பவில்லை. சாம்பிராணி புகைவதைப் போல் தரையோடு தரையாகக் கனன்று போயிற்று. வேர் மேலேயே இருந்ததால் வேரோடு வெந்தன மரங்கள். பெரிய தீ என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். இது மெள்ள மெள்ளக் கொன்றது.

ஏழை வீட்டின் பணப்பெட்டி சருகு என்று சொன்னேன். அது எரிந்து போனால், மறுபடி சேர்த்து வைக்க அந்தக் காட்டுக்கு வேறு வருமானம் இல்லை. அடுத்த வெள்ளம் வந்து சாம்பலையும் மேல் மண்ணையும் அடித்துக்கொண்டு போகிறது, மிஞ்சுவது மணல். வெந்த இடங்களில் பல வருஷங்களுக்குப் பிறகும் காடு திரும்பாமல், புல்லும் புதருமாக நிற்பதை விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள். ஆறு தொட்டால் அன்னமாகிற அதே சருகு, ஆறு தொடாவிட்டால் கொள்ளிக்கட்டை ஆகிறது.

சமீப வருஷங்களில் சுவரில் எழுதிய கணக்கும் நிம்மதி தருவதாக இல்லை. 2021 ஜூனில் வெள்ளம் 30.02 மீட்டர் குறியைத் தொட்டது. 1902 முதல் அதுவரை அப்படி ஏறியதே இல்லை. 2023 அக்டோபரில் ஆறு 12.70 மீட்டருக்கு இறங்கியது. அதுவரை அப்படி இறங்கியதே இல்லை. 2024-ல் அதற்கும் கீழே போயிற்று. நாலு வருஷத்துக்குள் உச்சியும் அடியும் இரண்டும் பழைய எல்லையைத் தாண்டிவிட்டன. 2023-லும் 2024-லும் படகு போகும் வழியெல்லாம் மணல் திட்டாகி, ஆற்றங்கரைக் கிராமங்களில் குடிதண்ணீருக்கும் அரிசி பருப்புக்கும் திண்டாட்டம் ஆயிற்று. ஆறே ரஸ்தாவாக உள்ள ஊரில் ஆறு வற்றினால், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக்கூட வழி கிடையாது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

உங்களில் யாருக்காவது அந்தப் பக்கம் போகும் அதிர்ஷ்டம் கிடைத்தால், ஒரு யோசனை சொல்கிறேன். ஜூன் மாதத்தில் போங்கள். மரத்தின் உச்சியோடு உச்சியாகப் படகில் போகலாம். முடிந்தால் அக்டோபரிலும் போங்கள். அதே மரத்தின் அடியில் சருகின் மேல் நடக்கலாம். ஒரு தடவை பார்த்தவர்கள் பாதிக் காட்டைத்தான் பார்த்தவர்கள். நடக்கும்போது கையில் நெருப்புப் பெட்டி மட்டும் வேண்டாம்.

படகுக்காரரிடம், "இந்த வருஷம் தண்ணீர் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊர்க் குடியானவர் மழையைப் பற்றிப் பேசுவதுபோல், அவர் மரத்தின் உடம்பில் உள்ள கோட்டைக் காட்டிப் பதில் சொல்வார். போன வருஷத்துக் கோட்டையும் காட்டுவார். அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில்தான் அவருடைய மீனும், அவர் மனைவியின் கொத்துமல்லித் தோட்டமும், காலடியில் கிடக்கும் அந்தச் சருகு மெத்தையும் இருக்கின்றன.